உப்பு போட்ட பாதி

குழி வெட்டச் செல்லமுத்து ஓங்கிய கடப்பாரையைக் கண்ணாயி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வேண்டாம். எம்பட பாதியில ஒரு பிடி மண்ணக் கிளறக் கூடாது."

"இங்கன்னா மண்ணு பொதபொதன்னு இருக்குதுங்க அண்ணி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாறையாட்டம் கெடக்குது."

"பாறையாக்குனது ஆரு? அங்கயே வெட்டுங்க. உங்கண்ணன் ஆக்குன மண்ணுல உங்கண்ணனே படுக்கட்டும்."

வாசலில் அர்த்தனாரியின் உடலைச் சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள். புருஷன் செத்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்ணாயி காதில் வாங்கவில்லை. நேற்றிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த மிளகுத் தோட்டம் ஒன்றாகத்தான் இருந்தது. செல்லமுத்து மலையடிவாரத்துக் காரவள்ளியில் உர ஏஜெண்டிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளை உப்பு மாதிரி ஒரு மூட்டை உரத்தைத் தலைச்சுமையாக மலைமேல் கொண்டுவந்து அண்ணன் முன்னால் இறக்கினான். துரைமார் தோட்டங்களில் எல்லாம் இதுதான் போடுகிறார்கள் என்றான். இருக்கிற இரண்டு மாட்டின் சாணம் பாதிக் கொடிகளுக்குக்கூடப் பற்றாது என்பது கண்ணாயிக்கும் தெரியும். ஆனாலும் அந்த உப்பைக் கையில் அள்ளியபோது அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"இதத் தின்னு மண்ணு என்னத்துக்குங்க ஆகும்?"

"கொடி தின்னாப் போதும்" என்றான் அர்த்தனாரி.

சண்டை முற்றி, நடுவே ஓடிய வாய்க்காலே எல்லையானது. அந்தப் பக்கம் அவனுக்கு, இந்தப் பக்கம் அவளுக்கு. முதல் வருஷம் அவன் கொடிகள் கருகருவென்று தழைத்து விரல் நீளத்துக்குச் சரம் விட்டன. அவன் வாய்க்கால் கரையில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தான். மறு வருஷம் உப்பை இன்னும் அள்ளிப் போட்டான். சாணமும் தழையும் அந்தப் பக்கம் போகவே இல்லை. மூன்றாம் வருஷ மழையில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அடித்தண்டு கறுத்து வேர் அழுகியது. மழை விட்டதும் மண் இறுகிப்போனது. கொத்தினால் ஒரு புழு தென்படவில்லை. அவள் பக்கம் எப்போதும் போலக் குட்டைச் சரங்களோடு பச்சையாக நின்றது.

அதை அவள் சொல்லிக்காட்டினாள். சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். அவன் பதில் பேசுவதையே விட்டுவிட்டான்.

அந்தப் பக்கம் மரங்களின் உச்சியில் மட்டும்தான் நாலு சரம் மிஞ்சியிருந்தது. நேற்று அதைப் பறிக்க, கொடி படர்ந்திருந்த முள்முருங்கையில் ஏறினான். கிளை முறிந்தது. கட்டிலில் கிடத்தி மலையிறங்கும் பாதைக்குத் தூக்கிப் போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பக்கத்துக் காட்டு முத்தன்தான் குழி வெட்டினான். முதல் கொத்துகளுக்கு மண்வெட்டி கணீர் கணீர் என்று எகிறியது. பிறகு சத்தம் மாறியது. முத்தன் குனிந்து ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தான்.

"இங்க வந்து பாருங்க."

கண்ணாயி வாய்க்காலைத் தாண்டிப் போனாள். கொடியின் அடியைச் சுற்றி முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, மக்கிய சாணமும் பலாத்தழையும் சாம்பலும் போட்டு நிரப்பியிருந்தது. மேலே பழைய மண்ணைத் தள்ளி மிதித்து மூடியிருந்தது. அடுத்த கொடியடியில் வெட்டினார்கள். அதிலும் எரு. அதற்கடுத்ததிலும். கட்டியை உடைத்தபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"உங்க எருக்குழியில இருந்துதானுங்களே?" என்றான் முத்தன்.

எருக்குழியில் எரு குறைகிறது என்று ஆடி மாசத்தில் முத்தனின் பெண்டாட்டி பாவாயியைத்தான் கண்ணாயி திருடி என்று ஏசியிருந்தாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்போது அர்த்தனாரி பக்கத்தில்தான் நின்றான், வாயைத் திறக்காமல்.

கண்ணாயி விடுவிடுவென்று வாசலுக்கு வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். பாவாயியும் அங்கேதான் நின்றாள். இப்போதாவது விழுந்து அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"ஏனுங்க," என்றாள் உடலைப் பார்த்து. "தப்புப் பண்ணிட்டேன் கண்ணாயின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் ஒரு கூட எரு அள்ளிட்டு வந்திருக்க மாட்டனா? என்னப் பேச உட்டு வேடிக்கையா பாத்தீங்க?"

செல்லமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நாந்தானுங்களே அண்ணி அந்த உப்பக் கொண்டாந்து போட்டேன்."

"அப்பறம் அழுவலாம். தூக்குங்க."

மண் மூடிய பிறகு ஆண்கள் குளிக்க ஓடைக்குப் போனார்கள். பெண்கள் கூப்பிட்டும் அவள் நகரவில்லை. குழி வெட்டும்போது மரத்திலிருந்து பிய்த்து ஒதுக்கியிருந்த ஒரு மிளகுக்கொடி மண்ணில் கிடந்தது. அதைத் தூக்கி மரத்தோடு சேர்த்துப் பிடித்தாள். வாழை நாரைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து வெடுக்கென்று இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு நழுவியது. மறுபடி இழுத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து கொடியைத் தாங்கியது. பாவாயி. கண்ணாயி நாரின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள்.