தொடர்பு விட்டுப்போனவர்கள்

கதவைத் திறந்த பெண்ணின் தோளுக்கு மேலாக அருந்ததியின் கண்ணில் முதலில் பட்டது சுவரில் இருந்த படம்தான். இளம்பெண் ஒருத்தியின் படம். மாலை போட்டிருந்தது, கீழே சிவப்பு பல்பு எரிந்தது. ஜெலுத்தோங் வட்டாரத்து அடுக்குமாடி ஃப்ளாட்டின் படிகளில் ஏறிவந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. சரி, இங்கேயும் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்த கையோடு சின்னதாக ஒரு நிம்மதியும் வந்தது. இன்னொரு தடவை இந்தப் படிகளில் ஏற வேண்டாம்.

"ஹாஸ்பிட்டல்லேருந்து வரேன்க்கா," என்று வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினாள். "கேன்சர் பேஷண்டுங்களைப் பத்தி ஒரு ஆராய்ச்சி நடக்குது. வள்ளியம்மா எப்ப தவறினாங்க?"

அந்தப் பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் போல. புறங்கையில் செதில் ஒட்டியிருந்தது. திரும்பிப் படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அது என் தங்கச்சி. பஸ் மோதிப் போயிட்டா. வள்ளியம்மா நாந்தான்."

அருந்ததி கையிலிருந்த தாளில் அந்தப் பெயரை மறுபடி பார்த்தாள்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். டாக்டர் விஸ்வலிங்கம் தொடங்கிய ஆராய்ச்சியில் அவளுக்கு இந்த வேலை. புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? கேள்வி அவ்வளவுதான். ஆனால் பாதிப் பேர் நடுவிலேயே வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். தொடர்பு விட்டுப்போனவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். "அவங்களை விட்டுட்டு எடுக்கிற கணக்கு பொய்க் கணக்கு, அருந்ததி," என்பார் டாக்டர். அதனால்தான் அவள் பஸ் ஏறி வீடு வீடாகப் போனாள். முதலில் சொந்தக்காரர் யாரையாவது தனியாக அழைத்துப் பேச வேண்டும், நோயாளியின் காதுபட அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் மாதக்கணக்காகத் தவறாமல் அப்படித்தான் செய்தாள். ஆனால் போன வீடுகளில் எல்லாம் சாவுச் செய்தியே கேட்டுக்கேட்டு மனசு ஒரு மாதிரி பழகிப்போயிருந்தது. இறந்தவர்கள் வேலையைச் சுலபமாக்கினார்கள். தேதியைக் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். உயிரோடு இருப்பவர்களைத்தான் மறுபடி மறுபடி தேடிப் போக வேண்டியிருந்தது.

வள்ளியம்மா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க மிஸி. யாருக்குக் கேன்சர்?"

மிஸி என்று கூப்பிடத் தான் நர்ஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க இது நேரமில்லை. ஏதாவது பொய் சொல்லலாம், வீடு மாறி வந்துவிட்டேன் என்று எழுந்துவிடலாம். ஆனால் வாயைத் திறந்ததும் "மன்னிச்சிருங்கக்கா" என்றுதான் வந்தது. அதுவே பதிலாகிவிட்டது.

வள்ளியம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "கர்ப்பப்பையில புண்ணுன்னாரு எங்க வீட்டுக்காரரு. எடுத்தாச்சு, எல்லாம் சரியாப்போச்சு, இனிமே போகவேணாம்லான்னாரு. ஆபரேஷன் பொம்பளைங்க வார்டுல. மறுபடி கூட்டிட்டுப் போயிருந்தா கேன்சர் வார்டு போர்டைப் பாத்திருப்பேன், அதான்." சட்டென்று நிமிர்ந்தாள். "எல்லா வீட்டுக்கும் போறீங்கள்ல? என்னை மாதிரி உள்ளவங்க எத்தனை பேரு இருக்காங்க, உசிரோட?"

அருந்ததிக்கு அந்தக் கணக்கு தெரியும். அரைகுறைக் கணக்குதான், ஆனாலும் நல்ல கணக்கு இல்லை என்று தெரியும்.

"கணக்கு இன்னும் முடியலக்கா," என்றாள். அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொன்னவளுக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வள்ளியம்மா அவள் கையைப் பற்றினாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருகிட்ட சொல்லிராதீங்க. தாங்கமாட்டாரு."

லாரிப் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த வள்ளியம்மாவின் கணவன் அர்ஜுனன் அருந்ததியின் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "சும்மா செக்கப்புக்கு வரச் சொல்றாங்க," என்றாள் வள்ளியம்மா சிரித்த முகமாக. "மீன் ரெடி. கை கழுவுங்க." அவன் கை கழுவவில்லை. வழியனுப்புகிற சாக்கில் படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிடலியே தங்கச்சி? பயந்த சுபாவம். அந்தப் பேரைக் கேட்டாலே போயிருவா."

"இல்லண்ணே," என்றாள் அருந்ததி.

அவன் கும்பிட்டான். கிரீஸ் படிந்த அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் அவள் வேகமாக இறங்கினாள்.

மறுநாள் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "உயிரோட இருக்காங்களா? வெரி குட்!" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தாலும் செய்தது சரியா என்ற கேள்வி எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது. நல்லபடியாக இருந்தவளை நோயாளியாக்கிவிட்டு வந்துவிட்டோம் என்று ஒரு நேரம் தோன்றும். இல்லை, மேற்கொண்டு வைத்தியமே இல்லாமல் இருந்தவள் இனியாவது பார்த்துக்கொள்வாளே என்று இன்னொரு நேரம் சமாதானம் தோன்றும். அந்தச் சமாதானம் தனக்காகத்தான் என்பதும் கூடவே தோன்றும்.

அடுத்த வாரம் வள்ளியம்மாவே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். கீழ்க்கடையிலிருந்து பேசினாள் போல, பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். "நான் வரேன் மிஸி. பாசாருக்குப் போறேன்னு சொல்லிட்டு வரேன். கூட இருப்பீங்களா?"

அருந்ததி ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். வள்ளியம்மா நெற்றி நிறையக் குங்குமமும், சொன்ன பொய்க்குத் துணையாகக் கையில் காய்கறி வாங்கும் பிரம்புக் கூடையுமாக வந்தாள். "டாக்டரு என்ன சொன்னாலும் நீங்க மறைக்கக் கூடாது," என்றாள் நடந்துகொண்டே. அருந்ததி தலையாட்டினாள். புற்றுநோய்ப் பிரிவின் போர்டுக்குக் கீழே வந்ததும் வள்ளியம்மா நின்று அண்ணாந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல அவள் உதடுகள் அசைந்தன. பிறகு தாழ்வாரத்துக்குள் திரும்பினாள்.

கடைசி பெஞ்சில் அர்ஜுனன் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்கென்று காலையில் கிளம்பியவன், அதே பட்டறைச் சட்டையில், வள்ளியம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கட்டில் அருந்ததி அவனிடம் சொன்ன பொய் இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

அவன் திரும்பினான். முதலில் மனைவியைப் பார்த்தான். பிறகு அருந்ததியை. நீண்ட நேரம்.

"நீ எங்க இங்க?" என்றான் கடைசியில்.

"பாசாருக்கு வந்தேன்," என்றாள் வள்ளியம்மா.

அவன் நகர்ந்து இடம் விட்டான். தான் உட்கார்ந்த இடத்தில் ஒட்டியிருந்த பட்டறைக் கரியைச் சட்டைக் கையால் துடைத்தான். வள்ளியம்மா உட்கார்ந்து கூடையை நடுவில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரிலிருந்த கதவைப் பார்த்தார்கள். அந்தக் கூடையில் ஒன்றுமே இல்லை. ஆனால் ரொம்பக் கனமான எதையோ தூக்குகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் அதன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.