சித்தூர் சபையார் கடற்கரைக்குப் போனார்கள்

சித்தூரில் கடல் கிடையாது. அதனால் தபீதாள் டீச்சர் ஆமைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது சபையில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

எண்பத்திரண்டு மாசியில் ஒரு கல்யாணத்துக்காக நாயுடுபேட்டைக்குப் போனவள், மறுநாள் உறவுக்காரர்களோடு கடல் பார்க்கப் போனாள். சொர்ணமுகி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அங்கே மணலில் பங்குனி ஆமை என்கிற கடலாமை ஒன்று கிடந்தது. அறுந்த நைலான் வலை கழுத்தை இறுக்கி, சதைக்குள் இறங்கியிருந்தது. அப்படியும் அது பின்கால்களால் மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. முட்டையிடக் குழி தோண்டுகிறது என்பது புரிந்ததும் தபீதாள் கத்தி கேட்டுக் குப்பத்துக்கு ஓடினாள். கிருஷ்ணம்மா என்கிற மீன்காரி அரிவாளோடு கூடவே ஓடி வந்தாள். இருவரும் வலையை அறுத்து முடிப்பதற்குள் ஆமை செத்துவிட்டது.

"கிழிஞ்ச வலையை அங்கங்கே போட்டுடறாங்க, எங்க ஆளுங்களும்தான்" என்றாள் கிருஷ்ணம்மா தெலுங்கில். "நூல் வலைன்னா மக்கிப் போவும். இது எங்க மக்குது?"

ஊர் திரும்பிய தபீதாள் ஆமையைப் பற்றியே பேசினாள். பள்ளியில் சயின்ஸ் பாடம் எடுப்பவள், பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிறகு, தான் செயலாளராக இருந்த சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னாள். சபையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கரையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பாஸ்டரிடம் கேட்டாள். தாலூகா ஆபீஸில் வேலை பார்த்த அவள் கணவன் எர்னஸ்ட்தான் வீட்டில் கேலி பண்ணினான்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீ சபைக்குள்ளயே கூட்டிக்கினு வர்றியே."

சபைப் பொருளாளர் சுந்தர்ராஜ் சிரிக்கவில்லை. ரைஸ் மில் வைத்திருந்தவர். ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போதே சத்தமாகச் சொன்னார்.

"லாரி நான் தர்றேன் டீச்சர். சாக்கும் நம்ம மில் சாக்குதான். அள்ளின குப்பையை எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்ற கவலையும் உங்களுக்கு வேணாம். நம்ம டிரைவர் பார்த்துக்குவான்."

தபீதாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கணும் அண்ணா" என்றாள்.

அடுத்த தை மாதம் லாரி நிறைய ஆட்கள் போனார்கள். வழியெல்லாம் பாட்டு, புளிசோறு. போய் இறங்கியதும் வேலையில் குறை வைக்கவில்லை. எது காயப் போட்ட வலை, எது கழித்துப் போட்ட வலை என்று கிருஷ்ணம்மா காட்டிக் கொடுத்தாள். மணலில் பாதி புதைந்த வலைகளை நான்கைந்து பேராகச் சேர்ந்து இழுத்தார்கள். உள்ளங்கை அறுத்தது. குப்பத்துப் பெண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். சாயங்காலம் சாக்குகள் லாரியில் ஏறின. சுந்தர்ராஜ் முன்னால் நிற்க, போட்டோ எடுத்தார்கள். டிரைவர் சிட்டிபாபு லாரியைக் கிளப்பிக்கொண்டு போனான். சபையார் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

மறு வருஷமும் போனார்கள். அந்தப் பங்குனியில் ஆமைகள் ஏறி முட்டையிட்டுத் திரும்பின என்று கிருஷ்ணம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். தபீதாள் அதை வகுப்பில் இரண்டு தடவை சொன்னாள்.

எண்பத்து நான்கில், தீபாவளி கழிந்த பிறகு, பெரும் புயல். சொர்ணமுகி இரு கரையும் புரண்டு ஓடியது. தை பிறந்ததும், அந்த வருஷத்து வேலைக்கு ஏற்பாடு செய்யத் தபீதாளும் எர்னஸ்டும் முன்னாடியே குப்பத்துக்குப் போனார்கள். கிருஷ்ணம்மா வழக்கம்போல் சிரிக்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவர்களை நேராக முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனாள்.

சேற்றில் சாக்குகள் கிடந்தன. பல சாக்குகள் கிழிந்து, உள்ளே இருந்த வலைகள் கொத்துக்கொத்தாக வெளியே வழிந்து தண்ணீரில் மிதந்தன. அவற்றில் ஆமைகள் சிக்கிச் செத்திருந்தன. ஒன்றல்ல, கரை நெடுக. சில நாய் குதறியவை. சாக்கின் மேல் சுந்தர்ராஜ் மில்லின் பெயர் நீல மையில் இன்னும் அழியாமல் இருந்தது.

"ஆறு கொண்டாந்துச்சு" என்றாள் கிருஷ்ணம்மா. "ஆத்துல யாரு போட்டாங்க?"



சித்தூருக்கு வந்ததும் மில் வாசலில் சிட்டிபாபுவைப் பிடித்தாள். அவன் எதையும் மறைக்கவில்லை.

"நாயுடுபேட்டை பாலத்தாண்ட ஆத்துல இறக்கிட சொன்னாருமா ஓனரு. காலி வண்டியா போனாத்தானே நெல்லு லோடு ஏத்திக்கினு வர முடியும்? அதுக்குத்தானே வண்டியே அங்க போச்சு."

சுந்தர்ராஜ் மில்லுக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கோபப்படக்கூட இல்லை.

"ஆத்துலதானே போட்டான், கடல்ல போடலையே. அப்போ ஆறு காஞ்சு கெடந்துச்சு. வெள்ளம் வரும்னு நான் கண்டேனா? மழை கர்த்தர் அனுப்பறது டீச்சர்."

"நாங்க கை கிழிய அள்ளினது அண்ணா."

"அள்ளினீங்க. ஜனங்களுக்கும் சந்தோஷம். ஒரு நாள் கடல் பார்த்தாங்க. இன்னா கெட்டுப்போச்சு இப்போ?"

பாஸ்டரிடம் போனாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டுக் கோயில் கூரையைப் பார்த்தார். "ஓடு மாத்தற வேலை பாதியில நிக்குது, டீச்சர். அவர் மனசு நொந்தா அப்புறம் யார்கிட்ட போறது?"

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் சுந்தர்ராஜுக்குச் சால்வை போட்டார்கள். சபை செய்த கடற்கரை ஊழியத்துக்கு உதவியவர் என்று மைக்கில் சொன்னார்கள். தபீதாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"அந்த ஊழியத்தை ஆத்துல கொட்டினதும் அவர்தான். நாம அள்ளின வலையிலயே ஆமைங்க மாட்டிச் செத்துக் கெடக்குது. நான் கண்ணால பார்த்தேன்."

 உடனே முன்வரிசையில் யாரோ ஒரு பாட்டைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அவளோடு கை கிழிய வலை இழுத்தவர்களும் பாடினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எர்னஸ்ட் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவளை வெளியே கூட்டிப்போனான். அடுத்த வாரமே பெண்கள் ஐக்கியத்துக்கு வேறு செயலாளர் வந்தாள்.

புருஷனும் பெண்டாட்டியுமாக இருவரும் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனார்கள். கிருஷ்ணம்மா வழியிலேயே நின்றாள்.

"மீரு ராவொத்து டீச்சரம்மா. இனிமே வராதீங்க. எங்க குப்பையோட எங்களுக்குப் பழக்கம். அதைக் கட்டி மறுபடியும் எங்க தலையில போட ஊர்ல இருந்து ஆளு வரணுமா?"

 யார் செய்தது என்று சொல்லியிருக்கலாம். கிருஷ்ணம்மாவுக்கு அதனால் என்ன? தலையைக் குனிந்துகொண்டு முகத்துவாரத்துக்கு நடந்தாள். இருவரும் சாயங்காலம் வரை வலைகளை அறுத்து, தூக்க முடிந்த அளவு மூட்டை கட்டினார்கள். பெரும்பாலும் அங்கேயே கிடந்தது.

நாயுடுபேட்டையில் கண்டக்டர் மூட்டையை உள்ளே விடவில்லை. "என்னா நாத்தம்டா இது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏற்றச் சொன்னான். சித்தூரில் வீட்டுக்குப் பின்னால் எர்னஸ்ட் குழி தோண்டினான். நைலானை இருவரும் கைகளால் திணித்து மண்ணைத் தள்ளினார்கள். அழுகிய கடல் வாடை தெரு முழுக்க நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

சபையார் மறு வருஷமும் லாரியில் கடற்கரைக்குப் போனார்கள், வேறு கரைக்கு. சாக்கு எடுத்துப் போகவில்லை.

அதற்குள் பல தடவை குப்பத்துக்குப் போய் மூட்டைகளைக் கொல்லையில் புதைத்திருந்த தபீதாளும் எர்னஸ்டும் அந்தத் தையிலும் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள். எர்னஸ்ட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொல்லையைச் சுற்றிப் பார்த்தான்.

"இடம் இல்லையே தபீதா."

"மாதுளைச் செடியைப் பிடுங்கிடுங்க" என்றாள் அவள்.