மணியை நிறுத்தியவள்

அந்த நார்வே மலையூரின் குடிநீர் நிலையத்தை ஊட்னி பதினெட்டு வருடமாகப் பார்த்துவந்தாள். ஏரித் தண்ணீரில் அங்கே மருந்து எதுவும் கலப்பதில்லை. எஃகுக் குழாய்க்குள் எரியும் புற ஊதா விளக்குகள்தான் வைரஸ்களைச் செயலிழக்கச் செய்தன.

ஏப்ரலில் பனி உருகியதும் தண்ணீர் கலங்கி வந்தது. ஒளி போதவில்லை என்று எச்சரிக்கை மணி அடித்தது. குளிர்காலம் முழுக்க அந்த மணி ஏழெட்டு முறை காரணமில்லாமல் அடித்து அவள் உயிரை வாங்கியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. தங்கை வீட்டு விசேஷத்துக்குப் படகைப் பிடிக்க வேண்டும். மணியை நிறுத்தினாள். ஒளி குறைந்தால் தானாக மூடித் தண்ணீரை அடைக்கும் வால்வையும் மூடாதபடி திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஏரிக்கரையில் ஒரு கோடை வீட்டின் கழிவுத்தொட்டி பொங்கி வழிந்திருந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பாதி ஊர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தது. மற்றவர்கள் தேறினார்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்த ஸ்டைனார் மட்டும் தேறவில்லை.

ஒளியை அளக்கும் கருவி பழுது என்று எழுதி விசாரணையை முடிக்கலாம் என்றார் நகராட்சிப் பொறியாளர் ஷேத்தில். ஊட்னியோ, அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டைனாரின் மனைவி மாக்னில்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாக்னில்ட் காபி ஊற்றி வைத்தாள். அவள் உட்காருவதற்குள் ஊட்னி சொல்லிவிட்டாள்.

"கருவியில கோளாறு இல்ல. மணி அடிச்சுது. நான்தான் நிறுத்திட்டுப் போனேன்."

மாக்னில்ட் மேசைவிரிப்பைத் தடவினாள்.

"வாந்தி எடுக்க எடுக்க, உடம்புல தண்ணி வத்திடக் கூடாது, குடிங்க குடிங்கன்னு நான்தான் கொடுத்தேன்," என்றாள். "வேண்டாம்னாரு. திட்டித் திட்டிக் குடிக்க வச்சேன். எல்லாம் இந்தக் குழாய்த் தண்ணி."

"தண்ணி கெட்டிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், மாக்னில்ட்?"

"தெரியாதுதான். ஆனா கொடுத்தது என் கை. இத நீ எதுக்கு வந்து சொன்ன? கருவி மேலயே பழி கிடந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

ஊட்னி மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்கவில்லை. காபி ஆறிப்போனது. மாக்னில்ட் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

அன்று மாலையே ஊட்னி நடந்ததை நடந்தபடி எழுதி நகராட்சிக்குக் கொடுத்தாள். வேலை போயிற்று. நிலையத்துக்குப் புது ஆள் வந்தான், விளக்குகளையும் மாற்றினார்கள். மாக்னில்ட் கடைசிவரை குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தாள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.