பார்த்தது நாலடி

என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இருப்புக் கொள்ளாது. நல்லவேளையாகக் குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கிற வேலை வாய்த்தது. ஓர் இரும்புக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கிண்ணம் போலிருக்கும் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். அடியில் குழாய் உடைந்திருந்தால் இரைச்சல் வரும். ஆபீஸில் எனக்குப் பெயர் 'காது'. மாடியில் குழாய் வரைபடங்கள் போடுகிறவருக்குப் பெயர் 'ஸ்கேல்'. அவர் என் கணவர்.

வீட்டிலும் அவர் ஸ்கேல்தான். ஃபிரிட்ஜ் கதவில் வாரத்துக்கான வேலைகளைக் கட்டம் போட்டு ஒட்டியிருப்பார். அப்போது இன்னும் ஒரு மாதத்தில் பிரிவுத் தலைவராக வேண்டியவர், அதுவும் ஒரு கட்டத்தில் இருந்தது.

அந்த வாரம் பேக்கரித் தெருவுக்கு ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. வரைபடத்தில் தெருவின் வலது ஓரமாகக் குழாய் போகிறது. அங்கே ஆளுயரத்துக்கு இரண்டு குழி தோண்டினோம். இரண்டிலும் மண்தான், குழாயையே காணோம். என் கம்பிக்கோ இரைச்சல் எதிர்ப்பக்கத்தில், பேக்கரிப் படியருகே கேட்டது. வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.

"படத்துல இல்லாத எடத்துல தோண்டணும்னா வரைபடப் பிரிவு கையெழுத்து வேணும், மேடம்," என்றார் இன்ஜினியர். "வாங்கிட்டு வாங்க. ஆனா அங்கயும் தண்ணி வரலைன்னா, திங்கக்கிழமைலேர்ந்து நீங்க புகார் கவுண்டர்."

எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி, முன்னால் கண்ணாடியில் ஓர் ஓட்டை! இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனேன். ஸ்கேல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பேக்கரித் தெருப் படம் நீங்க போட்டதுதானே?"

"ஆமா. ஏன்?"

"குழாய் அங்க இல்ல."

"படத்துல இருக்கே."

"மண்ணுல இல்லைங்கறேன்!"

எழுந்து பீரோவைத் திறந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் போட்ட பழைய படத்தை எடுத்து விரித்தார். எங்கள் வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்த குழாய்க்கு முழுக்கோடு. இருக்கலாம் என்று நினைக்கிற குழாய்க்குப் புள்ளிக்கோடு. பழைய படத்தில் பேக்கரித் தெரு முழுக்கப் புள்ளி. இவருடைய படத்தில் முழுக்கோடு.

"புள்ளியெல்லாம் எங்க போச்சு?"

"சுத்தப் பிரதி எடுக்கச் சொன்னாங்க. புள்ளி புள்ளியா இருந்தா பாக்க நல்லா இல்ல. சேத்துட்டேன்."

"போய்ப் பாத்தீங்களா?"

பென்சிலை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தார்.

"இந்த ஒரு தெரு மட்டுமா?"

பீரோவில் அடுக்கியிருந்த மற்றப் படங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் மேஜை மேலிருந்த ஸ்கேலை ஒடித்துப் போட்டிருப்பேன். ஆறு வருடமாக இந்தக் கோடுகளை நம்பி ரோடு ரோடாகக் கொத்தியிருக்கிறோம். குழி காலியாக இருந்தபோதெல்லாம் திட்டு விழுந்தது என் காதுக்கு. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். இந்த மனிதர் என் தோளைத் தட்டி, "அடுத்த தடவை நல்லாக் கேளு" என்று சொல்லியிருக்கிறார்.

தோண்ட அனுமதி கேட்கிற படிவத்தை அவர் முன்னால் தள்ளினேன். 'ஆதாரம்' என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

"நிச்சயமா பேக்கரி பக்கந்தானா?"

"நிச்சயமில்ல. அவங்க மாவு மெஷின் சத்தமாக்கூட இருக்கலாம்."

"அப்ப எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதையே எழுதுங்க."

"எழுதினா, தலைவர் வேலை..."

"ஆமா. போகும்."

ஜன்னலைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த அச்சடித்த மாதிரியான எழுத்தில் எழுதினார்: 'வரைபடத்திலுள்ள கோடு சரிபார்க்கப்படாதது. குழாய் எங்கே என்று தெரியாது. தோண்டிப் பார்க்கவும்.' கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நானும் வரேன்."

பேக்கரிப் படியருகே குழி முழங்கால் ஆழம் போனது. காய்ந்த மண். இடுப்பளவு போனது. அப்போதும் காய்ந்த மண். குழி வெட்டுகிற மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். பேக்கரிக்காரரிடம் கெஞ்சி மெஷினை நிறுத்தச் சொல்லி, கம்பியை மறுபடி ஊன்றினேன். இரைச்சல் இருந்தது, ஆனால் முன்பைவிட மெலிதாக. எனக்கு என் காதின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கவுண்டர் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் ஸ்கேல் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு குழியில் இறங்கினார். நாலு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஒட்டுது. படிக்கு அடியில வெட்டுங்க, மேஸ்திரி."

ஏழெட்டுக் கொத்துதான். தண்ணீர் மேஸ்திரியின் முகத்தில் பீய்ச்சி அடித்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ கை தட்டினார்கள். நான் சத்தம் போட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

வால்வை மூடி, உடைப்பை அடைத்து முடித்தபோது மதியம் மூன்று மணியாகிவிட்டது. அவர் பேக்கரிப் படியிலேயே வரைபடத்தை விரித்து, பழைய கோட்டை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கமா நீளமா ஒரு கோடு இழுத்துடுங்க சார், வேலை முடிஞ்சுது," என்றார் இன்ஜினியர். "அந்தப் படிவத்தை மட்டும் மேல அனுப்பித்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"அனுப்புங்க," என்றபடியே மறுபடி குழியில் இறங்கினார். வெளியே தெரிகிற குழாயை டேப் வைத்து அளந்தார்.

"பார்த்தது நாலடி."

அந்த நாலடிக்குத்தான் கோடு போட்டார். இரண்டு பக்கமும் புள்ளி, புள்ளி, புள்ளி; படத்தின் ஓரம் வரைக்கும். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவரோ கடைசிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அந்தத் திருப்பத்துல எந்தப் பக்கம் போகும்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"வா, கேட்டுப் பாக்கலாம்."

என் கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கிண்ணம் இருக்கிற முனை கீழே வரும்படி, தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருத்தாமல் பின்னாலேயே போனேன்.