தொப்புளில் நுழையாத டியூப்

மூன்றாவது முறையும் டியூப் உள்ளே போகவில்லை. ஜெல்லி தடவியாயிற்று, மூச்சை விட்டு வயிற்றைத் தளர்த்தியாயிற்று. தொப்புளுக்குள் நகக்கண் அளவு போய் முட்டிக்கொண்டு நின்றது. அழுத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

வெளியே தம்பி பாத்ரூம் கதவைத் தட்டினான். "மகாராணி இன்னும் சிம்மாசனத்த விட்டு எறங்கலியா? எனக்கு அவசரம்!"

"போடா அந்தப் பக்கம்!"

என் குரல் உடைந்தது அவனுக்கே தெரிந்துவிட்டது. "அம்மா! அக்கா அழறா!"

எனக்குப் பிறவியிலேயே மலத்தை அடக்க முடியாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்கே தெரியாமல் போய்விடும். போன வருஷம் வரை புத்தகப் பையில் எப்போதும் இரண்டு டயப்பர் இருக்கும். எட்டு மாதம் முன்பு ஆபரேஷன் செய்து, குடல்வாலைத் தொப்புளோடு சேர்த்து ஒரு சின்ன வழி வைத்தார்கள். தினமும் சாயங்காலம் அதில் டியூபைச் செருகித் தண்ணீர் விட வேண்டும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் குடல் காலி, மறுநாள் வரை பயமில்லை. ஆனால் டியூப் தினமும் போய்வந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும்.

ஐந்து நாளாக நான் போடவில்லை.

முதல் நாள் வெறும் அலுப்பு. மறுநாள் பார்த்தால் துணி சுத்தமாக இருந்தது. அதற்கு மறுநாளும். எனக்குச் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன், சத்தியமாக. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, முக்கால் மணி நேரம் போனில் வீடியோ பார்த்தேன். இன்று மத்தியானம், கணக்கு வகுப்பில், மறுபடி ஆகிவிட்டது.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து முயன்றாள். அவள் கைக்கும் போகவில்லை. உடனே வார்டு நர்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கடைசியா எப்பம்மா போட்டீங்க?"

"நேத்துகூட போட்டா, சிஸ்டர். எட்டு மாசத்துல ஒரு நாள் தவறினதில்ல. நீங்க குடுத்த அட்டைல நானேதான டிக் போடறேன்!"

"அப்படின்னா உள்ள வீங்கியிருக்கும். அழுத்தாதீங்க, காலைல கூட்டிட்டு வாங்க. நாலஞ்சு நாள் போடாம விட்டிருந்தாதான் பயம். வழி மூட ஆரம்பிச்சிடும். அப்ப இந்த நிமிஷமே கெளம்பி வரச் சொல்லியிருப்பேன். முழுசா மூடிட்டா மறுபடி ஆபரேஷன்தான்."

"ஐயோ, எம்பொண்ணு அப்படியெல்லாம் விடமாட்டா சிஸ்டர்." அம்மா சிரிக்கக்கூடச் செய்தாள்.

போனை வைத்ததும், "அம்மா..." என்றேன்.

"என்னடி கண்ணு, வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்ன மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? உன் மேல ஒரு தப்பும் இல்ல. போய்ப் படு."

போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்போது மணி ஒன்றே கால். அம்மா என் பக்கத்திலேயே படுத்து, கையை என் மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஒவ்வொரு நிமிஷமும் அந்த வழி மூடிக்கொண்டிருக்கிறதோ என்னவோ, விரலால் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை அவள் தோளை அசைக்கப் போய்க் கையை எடுத்துவிட்டேன்.

எழுப்பத்தான் வேண்டும். எழுப்பி, முதலில் என்ன சொல்வது?