தரையை நோக்கித் தள்ளுவது

பயிற்சி விமானத்தின் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்த பஸ் டிரைவர், பழக்கதோஷத்தில் தலைக்கு மேலே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தேடினார். வலது இருக்கையிலிருந்த பயிற்சியாளர் அதைப் பார்க்காதது போல அவருக்கு பெல்ட்டை மாட்டிவிட்டாள். போன வருடம் இதே இடத்தில் அவருடைய மகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். தனியாகப் பறக்கத் தொடங்கிய புதிதில், இறங்குவதற்காகத் திரும்பும்போது வேகம் குறைந்து, ஓடுபாதைக்குச் சற்றுமுன் விழுந்து இறந்துபோனாள். அவளைத் தனியாக அனுப்பியது பயிற்சியாளரான இவள்தான். யார்மேலும் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிரைவர் சண்டைக்கு வரவில்லை. என்ன நடந்தது என்று ஆளாளுக்கு வாயால் சொல்லிவிட்டார்கள், வேகம் குறைந்தால் மீள மகளுக்குக் கற்றுக்கொடுத்ததைத் தனக்கும் ஒருமுறை காட்ட முடியுமா என்றுதான் கேட்டார். வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

நல்ல உயரத்துக்குப் போனதும் இவள் இன்ஜினைத் தணித்து மூக்கைத் தூக்கினாள். காற்றின் இரைச்சல் அடங்கி, எச்சரிக்கை ஒலி கூவத் தொடங்கியது. விமானம் உதறியது. மூக்கு பொத்தென்று சரிய, முன்கண்ணாடி முழுக்கத் தரை வந்து நின்றது. மூக்கு இன்னும் தாழ்ந்தால்தான் வேகம் திரும்ப வரும் என்று சொல்லிக் கைப்பிடியை முன்னால் தள்ளினாள். வேகம் பிடித்ததும் மெல்ல நிமிர்த்தினாள்.

"அவ சொல்லுவாம்மா. அப்பா, வேகம் கொறஞ்சா உங்க பஸ் நிக்கும், என்னோடது விழும்னு. நான் சிரிச்சுக்குவேன்."

அடுத்து அவர் செய்ய வேண்டும். முதல்முறை எல்லோரும் பயந்துபோய்க் கைப்பிடியை இழுத்துவிடுவார்கள். எதிரே வருகிற தரையை நோக்கித் தள்ள யாருக்கு மனசு வரும்? அவர் தள்ளினார். விமானம் நிமிர்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இங்க இவ்வளவுதாம்ப்பா. கீழ எடம் இருக்கு. அவளுக்கு அது இல்ல."

"தள்ளிப் பாத்திருப்பாளா?"

ஆமாம் என்ற சொல் இவளுக்கு வாய்வரை வந்தது.

"தெரியலப்பா. எனக்கும் அதுதான் தெரியல."

அவர் தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் நேராகப் பறந்தார்கள். பிறகு, இவளைக் கேட்காமலேயே இன்ஜினைத் தணித்து மூக்கைத் தூக்கினார். ஒலி கூவியது. இவளுடைய கை தன் பக்கக் கைப்பிடிவரை போய், தொடாமல் நின்றது. விமானம் உதறிச் சரிந்தது. பச்சையும் பழுப்புமாக வயல்கள் எழுந்து வந்தன. டிரைவர் இமைக்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும், தூங்குகிற பிள்ளையை ஓரமாக நகர்த்திப் படுக்கவைப்பது போல, கைப்பிடியை முன்னால் தள்ளினார்.