தேன் தண்ணீருக்கு ஒரு சுற்றுவழி

எறும்பக்கா என்றால் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிற்காவலருக்கும் தெரியும். அன்று நிலையத்தின் அரங்கத்தில், எல்லார் முன்னாலும் அவளுடைய எறும்புச் சோதனை. எறும்புகள் அவள் சொன்னபடி நடந்துகாட்டினால் அவளுடைய ஆய்வறை தப்பும். இல்லாவிட்டால் அங்கே விருந்தினர் சோபா வரும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

மேடையோர மேசையில் பாதி கண்ணாடி, பாதி சொரசொரத்த துணி. ஒரு மூலையில் எறும்புப் பெட்டி, எதிர்மூலையில் சர்க்கரைத் தண்ணீர். எறும்பு நேர்கோட்டில் போகாது. வழுவழுப்பில் கூடுதலாகவும் சொரசொரப்பில் குறைவாகவும் நடக்கும், தூரம் கூடினாலும் நேரம் மிச்சம் என்பது அவள் கட்சி.

அதற்கு முன் இயக்குநரின் 'இரண்டு வார்த்தை'. ஒரு மணி நேரம் ஓடியது. எறும்பின் கடமை, கட்டுப்பாடு, வளையாத நேர்கோட்டுப் பயணம் என்று அடுக்கியவர், தொண்டை வறளும்போதெல்லாம் பக்கத்திலிருந்த தேன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டார்.

ஒருவழியாக அவள் முறை வந்தது. பெட்டியைத் திறக்கப் போனால், அது ஏற்கெனவே திறந்திருந்தது. காலையில் பதற்றத்தில் அவளே சரியாக மூடவில்லை. உள்ளே நாலைந்து சோம்பேறிகள் மட்டும்.

"எறும்பு ஆராய்ச்சியில எறும்பைத் தவிர எல்லாம் இருக்கு," என்றார் இயக்குநர் மைக்கில். அரங்கம் சிரித்தது.

முகத்தை மறைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மேசைக்கும் இயக்குநருக்கும் நடுவே தடித்த கம்பளம், எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அதை ஓர் எறும்பும் மிதிக்கவில்லை. மேடை விளிம்பைச் சுற்றிக் கிடந்த மைக் வயரின் மேல் சாரைசாரையாக ஊர்வலம், தேன் தண்ணீரை நோக்கி.

"எறும்பு இருக்கு சார். உங்களைப் பார்க்கத்தான் வந்துட்டிருக்கு."

இயக்குநர் தம் பதவிக்குப் பொருந்தாத ஒரு துள்ளல் துள்ளினார். இறங்கியதும் அவருக்கே சந்தேகம்: பக்கத்திலேயே கம்பளம் இருக்க, ஏன் இந்தச் சுற்று?

"கம்பளம் அதுக்கு முள்ளுக்காடு சார். வயர்தான் மெயின் ரோடு. சுத்தினாலும் சீக்கிரம் வந்துடும்."

அரங்கமே மேடையேறிக் கழுத்தை நீட்டிப் பார்த்தது, கைதட்டியது. கைதட்டல் யாருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பழக்கமுள்ள இயக்குநர் கோப்பையை உயர்த்தி, இந்தச் சோதனைக்காகவே தாம் தேன் வைத்ததாக அறிவித்தார். அப்படிச் சொன்ன வாயால் ஆய்வறையைப் பிடுங்க முடியுமா? சோபா வராந்தாவுக்கு என்று அங்கேயே முடிவாயிற்று.

எறும்பக்காவுக்கு அது போதும். அறை தப்பியது, புகழை யார் சுருட்டினால் என்ன. வெற்றிக் களிப்பில் கோப்பையை வாயருகே கொண்டுபோனவரை மட்டும் மெல்லத் தடுத்தாள்.

"அதைக் கீழ வெச்சிடுங்க சார். இன்னும் பாதிப் பேர் வழியில இருக்காங்க."